இரண்டு பேர் பேசிய பாஷை

அக்கா,

போன வாரம் அரியலூரில் நான் தங்கிய விடுதியில் தரைக்கு மெழுகு போட்டிருந்தார்கள். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஒரு கம்ப்ரஸர் நின்றுபோயிருந்தது, அதைப் பார்க்க வந்திருந்தேன். அறைக் கதவைத் திறந்ததும் சிவப்பு மெழுகு வாசனை. கையில் இருந்த பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. தான்சானியா வீட்டுத் தரைக்கும் இதே மெழுகுதான். காலில் கந்தல் துணியைச் சுற்றிக்கொண்டு நீயும் நானும் வழுக்கி வழுக்கித் தேய்ப்போம். நீ என் கையைப் பிடித்துச் சுழற்றிவிடுவாய், நான் போய்ச் சுவரில் மோதுவேன். அந்த அறையில் என்னால் இருக்க முடியவில்லை. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுரங்கத்து ஷெட்டிலேயே தங்கிக்கொண்டேன்.

"தம்பிக்கு எந்த ஊரு?" என்று யாராவது கேட்டால் எனக்கு இன்னும் எரிச்சல்தான் வருகிறது. அப்பா கனரக வண்டி மெக்கானிக். நீ பிறந்தது ஜாம்பியாவில், நான் தான்சானியாவில். பள்ளிக்கூடம் பாதி அங்கே, பாதி ஈராக்கில். இதைச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். பெரம்பலூர் என்று சொல்லித் தொலைக்கிறேன். படிப்பு முடித்து இரண்டு வருஷத்தில் மூன்று கம்பெனி மாறிவிட்டேன். ஏன் என்று கேட்காதே.

நமக்கென்று ஒரு பாஷை வைத்திருந்தோம். தண்ணீருக்குத் தான்சானியாவின் 'மஜி', மெதுவாக என்பதற்கு 'போலே போலே', கிளம்பு என்பதற்கு ஈராக்கின் 'யல்லா', நடுவில் அம்மாவின் தமிழ். உலகத்திலேயே அதைப் பேச இரண்டு பேர்தான். அம்மா காதில் விழுந்தால் "ரெண்டும் லூசு" என்று தலையில் அடித்துக்கொள்வாள். நாமும் நாளைக்குப் பத்துத் தடவை ஒருவரையொருவர் அப்படித்தான் திட்டிக்கொள்வோம். அந்த வார்த்தைக்கு அங்கே எடையே கிடையாது.

புதுப் பள்ளிக்கூடம் என்றால் முதலில் நுழைவது நீதான். சாயந்திரம் எனக்கு ரிப்போர்ட் வந்துவிடும். "இங்க பேரு கூப்ட்டா எந்திரிச்சு நிக்கணும்டா. கையத் தூக்கினா சிரிக்கிறாங்க."

எண்பதில் போர் மூண்டதும் பஸ்ராவிலிருந்து உடுத்திய துணியோடு பெரம்பலூர் வந்து சேர்ந்தோம். அப்பா நம்மை இறக்கிவிட்டு மஸ்கட் போய்விட்டார். அம்மாவின் அண்ணன், பெரிய மாமா, பொறுப்பெடுத்துக்கொண்டார். எனக்குப் பதினாலு வயசு, ஒன்பதாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். உனக்குப் பதினேழு. கையில் சர்டிபிகேட் இல்லை, தமிழும் எழுத வராது. அடுத்த ஜூனுக்குள் எழுதக் கற்றுக்கொண்டால் பத்தாம் வகுப்பில் சேர்க்கிறோம் என்றார்கள். நீ நோட்டு நோட்டாக எழுதித் தள்ளினாய். விரலில் மை காயவே இல்லை.

இந்த முறை முதலில் நுழைந்தவன் நான். சாயந்திரமானால் வாசலுக்கே வந்து, "என்னடா ரிப்போர்ட்?" என்பாய். "ஒண்ணுமில்ல" என்று உள்ளே போய்விடுவேன். எனக்கு ரிப்போர்ட் கொடுக்க நேரமில்லை. நான் பெரம்பலூர்க்காரன் ஆவதில் மும்முரமாக இருந்தேன்.

ஒரு நாள் வகுப்புப் பையன்கள் நாலு பேர் சைக்கிளில் வந்து வாசலில் நின்றார்கள். உள்ளேயிருந்து நீ கத்தினாய்: "டேய், யல்லா, மஜி கொண்டா! போலே போலே, சிந்தாத!"

"என்னடா உங்கக்கா என்னமோ உளறுது?"

"அதுக்கு மண்டை கொஞ்சம் லூசுடா. கண்டுக்காத."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர்கள் என்னைக் கபடிக்குக் கூப்பிட்டார்கள்.

என் வேலை பழுது கண்டுபிடிப்பது. குழாயில் காற்று எங்கே கசிகிறது என்று தெரியாவிட்டால் சோப்புத் தண்ணீரைத் தடவுவோம். கசிகிற இடத்தில் குமிழி கிளம்பும். இரண்டே மாதத்தில் பேச்சு ஊரைச் சுற்றி மாமாவிடம் வந்தபோது, எங்கிருந்து கிளம்பியது என்று அவர் ஆள் ஆளாக விசாரித்தார். என்னை மட்டும் கேட்கவில்லை.

"பொண்ணுக்குப் புத்தி சரியில்லன்னு வேப்பந்தட்டை வரைக்கும் பேசுறான். பள்ளிக்கூடமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். இன்னும் நாலு பேருக்குத் தெரியறதுக்குள்ள ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துடணும்" என்றார்.

நீ என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டாய். "நீயா சொன்ன?"

"நான் எதுக்குச் சொல்லப்போறேன்?"

நீ அதற்குமேல் கேட்கவில்லை. அன்றிலிருந்து என்னிடம் தமிழில் மட்டும்தான் பேசினாய். எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. இப்போது எழுதும்போதாவது பொய் வேண்டாம்.

பதினெட்டு முடிந்ததும் அரியலூர் பக்கத்தில் கல்லங்குறிச்சியில் கட்டிக்கொடுத்தார்கள். அத்தான் நல்ல மனுஷன், குறை சொல்ல ஒன்றுமில்லை. எப்போது வந்தாலும் சோறு போட்டாய், வேலை எப்படி என்று கேட்டாய். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வருவேன். சாப்பிட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு ஓடிவிடுவேன். மஞ்சள் காமாலை உனக்குப் பதினைந்து நாள்கூடக் கொடுக்கவில்லை.

கம்ப்ரஸர் வேலை முடிந்தது சனிக்கிழமை. பெருமாள் கோயில் கூட்டத்தோடு நசுங்கிக் கல்லங்குறிச்சியில் இறங்கினேன். உன் வீட்டுக் கொட்டகைக்குப் பின்னால் உன் மகள் கோழிக்குஞ்சு எண்ணிக்கொண்டிருந்தாள். ஐந்து வயசாகிவிட்டது அவளுக்கு. "மோஜா, ம்பிலி, தாத்து..." தான்சானியாவில் நீ எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒன்று, இரண்டு, மூன்று. என்னைப் பார்த்ததும் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"ஏன் பாப்பா நிறுத்திட்ட? எண்ணு."

"வெளியாளு இருக்கறப்ப பேசக்கூடாது. அம்மா சொல்லிருக்கு."

"நான் வெளியாளா? மாமாடி!"

"நீ அம்மாட்ட இப்புடிப் பேசினதே இல்லியே."

ஆக, நீ வேறு ஆள் தேடிக்கொண்டாய். அந்தப் பாஷையை வெளியாள் காதில் விழாமல் காப்பாற்றவும் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறாய். அது யாரால் என்று எனக்குத் தெரியும்.

எதிரே தெருக் குழாயடியில் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் இன்னும் இரண்டு பேரும் குடத்தோடு நின்றிருந்தார்கள். நான் குஞ்சுகளுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அவர்களுக்கும் கேட்கிற மாதிரி விட்ட இடத்திலிருந்து எண்ணினேன். "ன்னே, தானோ, சீத்தா, சபா." அதற்குமேல் வரவில்லை. "யல்லா பாப்பா, மாமாவுக்கு மஜி கொண்டா" என்றேன்.

பெரியம்மா குடத்தை இறக்கி வைத்தாள். "என்னா தம்பி, போய்ச் சேர்ந்த மவராசி கொட்டகைக்குப் பின்னால புள்ளகிட்ட உளர்ற மாதிரியே நீயும் உளர்ற? உங்க வூட்ல எல்லாருக்குமே மண்டை லூசா?"

"ஆமாங்க பெரியம்மா. எங்க வூட்ல எல்லாருக்கும்தான். எனக்குத்தான் ரொம்ப."

குழாயடியே சிரித்தது. இந்நேரம் ஊர் முழுக்கப் போயிருக்கும். போகட்டும்.

உன் மகள் சிரிக்கவில்லை. தண்ணீரும் கொண்டுவரவில்லை. நான் மறுபடி எண்ணி ஏழில் தடுக்கி நின்றபோது, அவள் உதடு மட்டும் அசைந்தது. சத்தம் வரவில்லை.

பஸ்ஸில் எண்ணுகிறேன், கம்பெனி ஷெட்டில் போல்ட் முடுக்கும்போது எண்ணுகிறேன். ஏழோடு நின்றுவிடுகிறது. எட்டு அவளிடம் இருக்கிறது. யாரிடமாவது கேட்டோ புத்தகத்தைப் பார்த்தோ தெரிந்துகொள்ளலாம். எனக்கு வேண்டாம். வருகிற சனிக்கிழமை மறுபடி கல்லங்குறிச்சிக்குப் போகிறேன்.