மாடி அறையைத் திறக்கச் சொல்

பள்ளிவாசல் மாடி அறையைப் பூட்ட வைத்தது நீதான். செயலாளர் வாயாலேயே கேட்டுவிட்டேன், மறுக்காதே. அஸ்ஸலாமு அலைக்கும், மகனே. கோபத்தில் ஸலாம் பின்னால் வந்துவிட்டது, ஏற்றுக்கொள். நானும் உன் தங்கையும் அல்லாஹ்வின் கிருபையால் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மருமகளும் பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் விஷயத்துக்கு வரும் நேரம் பார்த்து சிக்னல் சரியில்லை உம்மா என்று வைத்துவிடுகிறாய். கடிதத்துக்கு சிக்னல் வேண்டாம். முழுதும் படி.

உன் தங்கை எப்படி இருந்தாள் என்பதை நீ மறந்துவிட்டாய், அல்லது தெரிந்துகொள்ளவே இல்லை. தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளு செய்யக் குளியலறைக்குள் போனால் வெளியே வர மாட்டாள். முழங்கையில் ஒரு இடம் நனையாமல் போயிருக்குமோ என்று மறுபடி முதலிலிருந்து கழுவுவாள், விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசியும், அந்த ரத்தத்தால் ஒளு முறிந்ததோ என்று அதற்காகவும் கழுவுவாள். தொழ நின்றால் அல்லாஹு அக்பர் என்று கட்டும் முதல் தக்பீரைத் தாண்ட முடியாமல் அழுவாள். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் என்ன பேணுதல், என்ன பக்தி என்று மெச்சினார்கள். என் தங்கச்சியைப் பாத்துக் கத்துக்க என்று உன் மனைவியிடம் சொன்னவன் நீ. மீதிப் பேர் ஷைத்தானின் வேலை, தண்ணீர் ஓதிக் கொடுங்கள் என்றார்கள். பிள்ளை தண்ணீரிலேயேதான் கிடக்கிறாள், இன்னும் என்ன தண்ணீர்? பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத் ஒருவர்தான் ஒழுங்காகப் பேசினார். ஓதுறது என் வேலைம்மா, நான் ஓதுறேன், ஆனா இது வியாதி மாதிரி தெரியுது, காலு ஒடிஞ்சா கட்டுப் போட்டுக்கிட்டுத்தானே துஆ கேக்குறோம், டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க என்றார். போனோம். மாத்திரை கொடுத்தார்கள், மனநல ஆலோசகரான ஒரு பெண்ணிடம் அனுப்பினார்கள், அவளும் நம்மவள்தான். ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவு வாசலில் நிற்பதை யாராவது பார்த்தால் பெயர் போய்விடும் என்று எத்தனை பெண்கள் வராமலே இருக்கிறார்கள், பள்ளிவாசலில் ஒரு அறை கொடுத்தால் வியாழக்கிழமைகளில் நானே வந்து உட்காருகிறேன் என்று அவள் கேட்டாள். ஹஜ்ரத் கமிட்டியிடம் பேசி வாங்கிக் கொடுத்தார். வருகிறவர்களை உட்காரவைத்து உள்ளே அனுப்புவது என் வேலை. ஓதப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் அவர்கள் வந்தார்கள். அப்படியாவது வந்தார்கள்.

போன வாரம் போனால் கதவில் பூட்டு, ஜன்னல் வழியே பார்த்தால் உள்ளே பழைய மைக்செட்டும் உடைந்த நாற்காலியும் அடைத்துக் கிடக்கிறது. நேரே செயலாளரின் பெயிண்ட் கடைக்குப் போனேன். டப்பா குலுக்கும் மெஷினை ஓடவிட்டுக்கொண்டேதான் மானம் போகுது அக்கா என்றார், நான் போடும் சத்தம் வாடிக்கையாளருக்குக் கேட்கக் கூடாதாம். சுகருக்கும் பிரஷருக்கும் அதே மாடியில் முகாம் போட்டபோது போகாத மானம் இப்போது எப்படிப் போகிறது என்று கேட்டேன். அது உடம்பு அக்கா, இது குடும்பப் பேரு என்றார். விடவில்லை நான். கடைசியில் மெஷினை நிறுத்திவிட்டு, என்னை ஏன் காய்ச்சுறீங்க, உங்க மகன்தான் போன் பண்ணி, தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்குறோம், உம்மா அந்த ரூம் வாசல்ல உக்காந்திருந்தா எவன் வருவான்னு கேட்டாரு, வாஸ்தவம்தானேன்னு பூட்டிட்டேன் என்றார். ஹஜ்ரத்திடம் போனேன். கமிட்டி முடிவும்மா என்று முடித்துக்கொண்டார். அவருக்குச் சம்பளம் கொடுப்பது கமிட்டி, அவரை நான் என்ன சொல்வது?

நான் வேலை செய்யும் துணிக்கடையில் பில் போடும் பெண்ணைப் பற்றி முன்பு சொல்லியிருக்கிறேன். பிள்ளை பெற்றதிலிருந்து அவள் பிள்ளையைத் தொடுவதில்லை, பக்கத்தில் படுக்கவே பயப்படுகிறாள். எவ்வளவோ கெஞ்சி அழைத்து, போன வாரம்தான் முதல் தடவையாக வந்தாள். பூட்டைப் பார்த்தாள். இங்கயும் இல்லையா என்று மட்டும் கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள். அன்றிலிருந்து கடைக்கு வரவில்லை. பேண்ட் அடி மடித்துத் தைத்துக்கொண்டே அவளுடைய காலி இடத்தைப் பார்க்கிறேன். வீட்டுக்குப் போனேன், மாமியார் கதவைப் பாதி திறந்து அவ தூங்குறா என்றாள். உள்ளே பிள்ளை வீறிட்டு அழுகிறது. ஆலோசகரைக் கூட்டிக்கொண்டு போனால் அந்த மாமியார் வாசலைக்கூட மிதிக்க விட மாட்டாள். பள்ளிவாசல் மாடிக்கு என்றால் அனுப்புவாள், அது ஒன்றுதான் வழி.

மாப்பிள்ளை விஷயத்துக்கு உன் தங்கையின் பதிலையே கேட்டுக்கொள். எனக்கு வியாதி இருக்கு, மருந்து சாப்பிடுறேன், தெரிஞ்சு வர்றவன் வந்தா போதும், மறைச்சுக் கட்டிவச்சா மாத்திரையை நான் எங்க ஒளிச்சு வைப்பேன் என்கிறாள். அவள் இப்போது ஒரே ஒளுவில் தொழுகிறாள். யாரும் மெச்சவில்லை.

பேரனுக்கு என் முத்தம். உன் உடம்பையும் உன் குடும்பத்தையும் அல்லாஹ் பாதுகாக்கட்டும், உன் சம்பாத்தியத்தில் பரக்கத் செய்யட்டும். வயிற்றைக் காயப்போடாதே, உனக்கு அல்சர் உண்டு. செயலாளர் என் பேச்சைக் கேட்க மாட்டார், நீ சொல்லிப் பூட்டினார், நீ சொன்னால்தான் திறப்பார். இந்த வியாழனுக்குள் அவருக்கு போன் பண்ணி அறையைத் திறக்கச் சொல். இதையேதான் போனிலும் எழுதி அனுப்பினேன், நீ படித்துவிட்டதாகக் காட்டுகிறது. பதில்தான் வரவில்லை. திறக்கச் சொல்.

உன் உம்மா