ஏரியில் உப்பு ஏது

கிளீவ்லண்ட்
பிப்ரவரி 6, 1984

அன்புள்ள ஆர்விட்,

நலம். உன் முழங்காலைப் பற்றிக் கேட்டால் பனியைத் திட்டுவாய், அதனால் கேட்கவில்லை. பிரிந்திருந்தாலும் தொழில் விஷயம் எழுதலாம் என்று நீதானே சொன்னாய்.

பெரிய ஏரிகளில் ஓடும் இரும்புத் தாதுக் கப்பல்களில் எடைக்காக ஏரித் தண்ணீர் நிரப்பும் அடித்தொட்டிகளுக்கு, எங்கள் பெயிண்ட் கம்பெனியிடம் பூச்சு கேட்டிருக்கிறார்கள். துருவைத் தடுக்க அதில் எந்தப் பொடியைக் கலப்பது என்று நான் எழுதித் தரவேண்டும். மஞ்சள் குரோமேட்டா, வெள்ளை பாஸ்பேட்டா? பூசிய தகடுகளில் கீறல் போட்டு, உப்புத் தண்ணீர் தெளிக்கும் சோதனைப் பெட்டியில் வைத்தேன். மஞ்சள் பளிச்சென்று வந்தது. வெள்ளையில் கீறலைச் சுற்றித் துரு பரவிவிட்டது. மஞ்சள் என்றுதான் எழுதப்போகிறேன்.

அங்கே கப்பல் பட்டறையில் அதை அடிக்கப்போவது நம் மகள் இர்யா என்று தெரியும். மஞ்சள் பொடி மூச்சில் போனால் நுரையீரலில் புற்று வரும் என்பதும் தெரியும். முகமூடியைக் கழற்றாதே என்று போனில் சொன்னேன். "எதைக் குடுத்தாலும் நான்தானேம்மா அடிக்கணும்" என்றாள். நீயும் ஆரம்பிக்காதே.

வெர்னா

டுலூத்
பிப்ரவரி 20

அன்புள்ள வெர்னா,

முழங்கால் வலிக்கிறது. பனிதான் காரணம்.

நான் ஆரம்பிக்கவில்லை. இதே இரண்டு பூச்சிலும் முன்பு நீ அனுப்பிய தகடுகளைப் படகுத்துறையில் தண்ணீருக்குள் தொங்கவிட்டிருந்தேனே, நேற்று பனியில் துளை போட்டு எடுத்தேன். மஞ்சள் தகடு முழுக்கக் கொப்புளம், கல்லில் ஊற்றிய பான்கேக் மாவு மாதிரி. மஞ்சள் அதிகம் கரைகிறது, கரைந்து பூச்சுக்கு அடியில் தண்ணீரை இழுக்கிறது. உப்புத் தண்ணீரில் அந்த இழுப்பு குறைவு, அதனால் உன் பெட்டியில் தெரியாது. வெள்ளை மெதுவாகக் கரைகிறது. கீறலில் கொஞ்சம் துரு, அதோடு நின்றுவிட்டது. எங்கள் ஏரியில் உப்பு ஏது? பழக்கதோஷத்தில் எல்லாவற்றையும் உப்பில் போடுகிறீர்கள்.

இர்யா ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருகிறாள். பட்டறையில் இப்போது இருக்கும் பழைய பூச்சும் மஞ்சள்தான், முகமூடி போட்டுத்தான் அடிக்கிறாள். ஆனாலும் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை மஞ்சளாகிறது. நான் பார்ப்பது தெரிந்தால் மடித்து மறைத்துக்கொள்கிறாள்.

நான் சொல்லி நீ எதையும் நம்பியதில்லை. வந்து பார்.

ஆர்விட்

கிளீவ்லண்ட்
ஏப்ரல் 16

ஆர்விட்,

கோபத்தில் எழுதாமல் இருந்தேன். தொழிலை எனக்கே சொல்லித் தருகிறாய் என்ற கோபம். ஆனால் உன் கடிதம் வந்த அன்றைக்கே ஒரு வாளியில் குழாய்த் தண்ணீர் பிடித்துத் தகடுகளைப் போட்டுவைத்தேன். மஞ்சளில் கொப்புளம் வந்துவிட்டது.

மேனேஜர் பிரெண்டிஸிடம் காட்டினேன். "அவங்க கேட்டது உப்பு டெஸ்ட். அதுல ஜெயிச்சது மஞ்சள். வாளியெல்லாம் யாரு கேட்டா? கையெழுத்துப் போடு" என்றார். வெள்ளிக்கிழமை வரை டைம் கொடுத்திருக்கிறார். போடாவிட்டால் வேறு யாராவது போடுவார்கள்.

இர்யாவிடம் இதைச் சொல்லாதே.

வெர்னா

கிளீவ்லண்ட்
ஜூன் 11

அன்புள்ள ஆர்விட்,

வெள்ளை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிரெண்டிஸ் அதை மேஜைக்குள் போட்டுப் பூட்டிவிட்டார். தகடுகளைத் துண்டில் சுற்றிக்கொண்டு கப்பல் கம்பெனி ஆபீசுக்கு நானே போனேன். அவர்களுடைய எஞ்சினியர் கொப்புளத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். "எந்தக் கடல்ல போட்டீங்க?" என்று கேட்டார். "எங்க சமையக்கட்டுக் குழாத் தண்ணி சார்" என்றேன். போனை எடுத்துப் பிரெண்டிஸைக் கூப்பிட்டார்.

போன மாதத்திலிருந்து வெள்ளை போகிறது. எனக்குத்தான் வேலை போய்விட்டது. வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய்.

நேற்று இர்யா போன் செய்தாள். பூச்சு மாறிவிட்டது, யார் மாற்றினார்கள் என்று தெரியவில்லை என்றாள். மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை வெள்ளையாகவே இருக்கிறதாம்.

உன் தகடுகளை எனக்குக் காட்ட வேண்டியதில்லை. நீ சொன்னதை நம்புகிறேன். ஆனாலும் வருகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ். முழங்கால் வலித்தால் ஸ்டாண்டுக்கு வராதே, வீட்டிலேயே இரு.

உன்
வெர்னா