குதிரை லாயத்துக்கு ஒரு கையெழுத்து

விஸ்வநத்தம்
18.6.2006

அன்பு மகள் வேல்விழிக்கு அம்மா எழுதுவது. இருக்கன்குடி மாரியாத்தா புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். அந்தச் சீமை மழையில் உனக்குச் சளி பிடித்துவிடுமோ, வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டு வேலைக்கு ஓடுகிறாயோ என்பதுதான் எனக்குக் கவலை.

நீ வீடாக மாற்றிக் கட்டுகிற பழைய வெள்ளைக்காரப் பண்ணையின் போட்டோக்களை அப்பா பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து வந்தார். அந்தத் தானியக் களஞ்சியம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. எம்புட்டுப் பெரிய உத்திரங்கள், இந்தப் பக்கம் ஒரு கதவு, நேர் எதிரே இன்னொரு கதவு. அந்தக் காலத்திலேயே வெடி வேலைக்குத் தோதாகக் கட்டியிருக்கிறானே என்று நான் சொல்ல, கதிரடிக்கும்போது காற்று ஊடே போவதற்கு என்று நீ போனில் சிரித்தாய். சிரி. கல்யாண வீட்டுக்குப் போனால்கூட என் வாசல் எது என்றுதான் என் கண் தேடுகிறது. பட்டாசுக் கம்பெனியில் சேர்ந்த அன்றைக்கு வேலையையா சொல்லித்தருகிறார்கள்? இதுதான் உன் வாசல், சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் ஓடு என்றுதானே முதலில் காட்டுகிறார்கள்.

அந்தப் போட்டோக்கள்தான் இப்போது வினையாகிவிட்டன. என் மக வெள்ளைக்காரன் குதிரை லாயத்தையே மனுசன் தங்குற வீடா மாத்துதா என்று உன் அப்பா டீக்கடையில் பீற்றிக்கொண்டது சின்ன முதலாளி நவநீதகிருஷ்ணன் காதுக்குப் போய்விட்டது. நாரணாபுரம் போகிற வழியில், அந்தக் காலத்தில் பஞ்சு வாங்க வந்த வெள்ளைக்காரன் தன் ஊர் மாதிரியே கட்டிய லாயம் முள்ளுக்காட்டுக்குள் கிடக்கிறதே, அதை வாங்கியிருக்கிறார். தீபாவளி சீசனுக்குள் வெடிக்குத் திரி வைக்கிற அறைகளாக மாற்ற வேண்டுமாம். பத்துக் குதிரைக்குப் பத்து ரூம்பு, பத்து வாசல், இஞ்சினியரு ஒம் மக பிளான்ல ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும், ஆபீசருக வந்தாக் காட்டிக்கிடுவேன் என்றாராம். அப்பாவும் வாக்குக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார். வெடி விபத்தில் கை வெந்தபிறகு அவருக்கு வாட்ச்மேன் வேலை கொடுத்தது முதலாளி, நாம் குடியிருக்கும் லைன் வீடும் முதலாளியுடையது. மாட்டேன் என்றால் இரண்டும் போகும்.

நேற்று என்னோடு திரி வைக்கிற சின்னத்தாயைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். நல்ல கட்டடம்தான், குறை சொல்லக்கூடாது. கனத்த சுண்ணாம்புச் சுவர், இந்த வெயிலிலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கிறது. ஆனால் வாசல் ஒரே பக்கம். பின்சுவரில் எட்டாத உயரத்தில் காற்றுக்கு ஒரு ஓட்டை. கதவு மேலே பாதி கீழே பாதியாக இரண்டு துண்டு, தாழ்ப்பாள் வெளியே. குதிரை வெளியே போய்விடக்கூடாது என்றே செய்த கதவம்மா அது. நான் திரி வைப்பதுபோல உள்ளே சுவரோரம் உட்கார்ந்தேன். எக்கா, ஓடியாங்க பாப்போம் என்றாள் சின்னத்தாய் வெளியிலிருந்து. எழுந்து ஓடினேன், கீழ்க்கதவு நெஞ்சில் முட்டி நின்றுவிட்டேன். அவள் சிரித்தாள், நான் வெளித்தாழ்ப்பாளை எக்கித் துழாவினேன். கதவைக் கழற்றி எறிந்தாலும், வாசல் பக்கம் தீப்பிடித்தால் உள்ளே இருப்பவள் எங்கே போவாள்?

பின்சுவரில் ஆளுக்கொரு வாசல் வையுங்கள் என்று முதலாளியிடமே கேட்டுவிட்டேன். செவுத்த ஒடச்சா மேக்கூரை உக்காந்துரும், நீ மகளுக்கு எழுது வெள்ளைத்தாயி, மொத ரூம்பு ஒனக்குத்தான் என்கிறார். கம்பெனிக்குப் போனால் எழுதியாச்சா என்கிறார் அவர், வீட்டுக்கு வந்தால் எழுதிட்டியா என்கிறார் இவர். கிணற்றுக்குள் நிற்பதுபோல இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது, மறைப்பானேன்.

அவர்கள் சொன்னபடி எழுதிவிட்டேன். நீ ஒரு கையெழுத்துப் போட்டால் அந்தப் பத்து அறையிலும் சின்னத்தாய்களைத்தான் உட்கார வைப்பார்கள், நானும் அதில் ஒருத்தி. வீடு போனால் சாத்தூரில் உன் சித்தி வீட்டு மாட்டுக்கொட்டகையில் கொஞ்ச நாள் படுத்துக்கொள்கிறோம், அதற்குக் கதவே கிடையாது.

நீ நூறு வயசு நல்லாயிரு, தாயி. தலைக்கு எண்ணெய் வை. ஞாயிற்றுக்கிழமை அப்பா பூத்திலிருந்து பேசுவார், கேட்டுக் கெஞ்சுவார், அழுதாலும் அழுவார். ஊர் முன்னால் வாக்குக் கொடுத்த மனுஷன், ஒரு வார்த்தை கடிந்து பேசாதே. சாப்பிட்டீகளாப்பா என்று கேள். கையெழுத்து மட்டும் போட்டுவிடாதே.

உன் அம்மா,
ச. வெள்ளைத்தாய்