‘வேண்டாம்’ என்றொரு பொத்தான் கேட்டு மனு

அனுப்புநர்:
அலுவலகப் பொறுப்பாளர் (பயிற்றுநரின் மனைவி),
ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி,
பேருந்து நிலையத்தின் பின்தெரு, மாடிப்படிக்குக் கீழுள்ள அறை.

பெறுநர்:
உயர்திரு நுகர்வோர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
நுகர்வோர் குறைதீர்ப்பு அலுவலகம்.

பொருள்: என் கணவரின் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஓயாமல் வரும் மென்பொருள் புதுப்பிப்பு அறிவிப்பை நிரந்தரமாக நிறுத்த உத்தரவிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: கைப்பேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு நான் அனுப்பிய புகார்களும், அவர்கள் அனுப்பிய ஒரே பதிலும் (பல முறை).

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி பயிற்சிப் பள்ளியை நானும் என் கணவரும் நடத்தி வருகிறோம். அவர் வண்டியில், நான் மேசையில். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே அழைப்பதால் இம்மனுவிலும் அப்படியே குறிப்பிடுகிறேன். தொண்டையில் வந்த புற்றுநோய்க்காக மாஸ்டரின் குரல்வளையை அறுவை செய்து அகற்றினார்கள். உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. இப்போது நலமாக இருக்கிறார். வண்டி ஓட்டுகிறார், கற்றுக்கொடுக்கிறார், என்னோடு சண்டையும் போடுகிறார். குரல் இல்லாமல் இவற்றை எப்படிச் செய்கிறார் என்பதைச் சொன்னால்தான் என் புகார் தங்களுக்கு விளங்கும். எனவே சற்று விரிவாக எழுதுவதைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

2. அறுவைக்கு முன்பே மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சியாளர், மாஸ்டரின் கைப்பேசியில் ‘குரல் பலகை’ என்றொரு செயலியை ஏற்றிக் கொடுத்தார். திரை முழுவதும் கட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு வாக்கியத்தைத் தன் குரலிலேயே பதிந்து வைத்துக்கொள்ளலாம். பிறகு கட்டத்தைத் தொட்டால் அந்தக் குரல் பேசும். அறுவைக்கு நாள் குறித்ததும் மாஸ்டர் பயிற்சி வண்டிக்குள் ஏறி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து பதிந்தார். எங்களுக்குத் தெரிந்து அதைவிட அமைதியான இடம் வேறு இல்லை. தெருவில் போகிறவர்கள் ஹாரன் அடிக்காதபடி நான் வெளியே நின்று பார்த்துக்கொண்டேன். உள்ளே அவர் உதடு அசைவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. இனிமேல் இப்படித்தான் இருக்கப்போகிறது என்று அப்போது நினைத்து அழுதேன். அது இம்மனுவுக்குத் தேவையில்லாத செய்தி.

3. எதையெதைப் பதிவது என்று அவர் என்னிடம் யோசனை கேட்கவில்லை. முதல் வரிசை முழுவதும் தொழில்: “பிரேக்.” “கிளட்ச்ச மெதுவா விடு.” “கண்ணாடியப் பாரு, என்னை ஏன் பாக்குற?” “ஒண்ணும் ஆகல, வண்டிய எடு.” அடுத்த வரிசை வீடு: “டீ ஆறிப்போச்சு.” “ஏம்மா, கொஞ்சம் இங்க வா.” “சரி, நீ சொன்னா சரிதான்.” இந்தக் கடைசி வாக்கியத்துக்கு மட்டும் இரண்டு கட்டங்கள் உள்ளன. ஒன்று மனதாரச் சொல்வது, மற்றது குத்தலாகச் சொல்வது. இரண்டாவது கட்டம் தேய்ந்துபோகும் அளவுக்குப் பயன்பாட்டில் உள்ளது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

4. இந்தச் செயலியை உருவாக்கிய கணினிப் பிரிவு ஊழியர் மருத்துவமனையை விட்டுப் போய்விட்டார். அதை இப்போது பராமரிப்பவர் யாரும் இல்லை. கைப்பேசியில் இப்போதுள்ள ஆண்ட்ராய்டு பதிப்பு வரையில்தான் அது வேலை செய்யும். இது என் ஊகம் அன்று. மாஸ்டரோடு அதே வார்டில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் இதே செயலியைப் பயன்படுத்தினார். அவருடைய கைப்பேசி, அவர் தூங்கும்போது தானாகவே புதுப்பித்துக்கொண்டது. காலையில் செயலியைத் தொட்டால், இந்தப் பதிப்பில் இயங்காது என்று ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். பதிவுகள் செயலிக்குள்ளேயே பூட்டிக்கொண்டன, யாராலும் வெளியே எடுக்க முடியவில்லை. வாழ்நாள் முழுவதும் வகுப்பில் பேசிய அந்த அம்மாள் இன்று சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார். நாங்கள் போய்ப் பார்த்தபோது, “நீங்களாவது உஷாரா இருங்க” என்று எழுதிக் காட்டினார்.

5. உஷாராகத்தான் இருந்தோம். தானாகப் புதுப்பிக்கும் வசதியை அமைப்புகளில் தேடிப் பிடித்து அணைத்தேன். சில நாளில் அது தானே விழித்துக்கொண்டது. அறிவிப்பை மட்டுமாவது அணைக்கலாம் என்று போனால், இந்த அறிவிப்பை அணைக்க இயலாது என்று மங்கலான எழுத்தில் போட்டிருந்தது. பின்னர் இணையத் தொடர்பையே துண்டித்தேன். அந்த வரையில் நிம்மதியாக இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். முறைப்படி நிறுத்திவிடுவோம் என்று நானே மாஸ்டரை அழைத்துக்கொண்டு அந்நிறுவனத்தின் சேவை மையத்துக்குப் போனேன். புதுப்பிப்பை நிறுத்தித் தருமாறு கேட்டேன். அங்கிருந்த ஊழியர் மிகவும் மரியாதையாகக் கைப்பேசியை வாங்கி, என்ன கோளாறு என்று சோதிப்பதற்காகத் தங்கள் வைஃபையில் இணைத்தார். நாங்கள் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோதே புதுப்பிப்பு முழுவதும் உள்ளே இறங்கிவிட்டது. “டவுன்லோட் ஆயிடுச்சு மேடம், இனிமே ஒண்ணும் பண்ண முடியாது” என்று அவர் சிரித்த முகத்தோடு சொன்னார்.

6. இப்போது இணையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த அறிவிப்பு வருகிறது. திரையின் நடுவில், கட்டங்களை மறைத்துக்கொண்டு நிற்கிறது. அதில் சென்ற வாரம் வரை ‘இப்போதே நிறுவு’, ‘பிறகு’ என்று இரண்டு பொத்தான்கள் இருந்தன. ‘வேண்டாம்’ என்று ஒன்று இல்லை. ஐயா, பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட வேண்டாம் என்று சொல்ல வழி இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பொருளிடம் சொல்ல வழியில்லை.

7. சேவை மைய ஊழியர் வாசல்வரை வந்து ஓர் உதவி செய்தார். சார்ஜ் குறைவாக இருந்தால் புதுப்பிப்பு நிறுவிக்கொள்ளாது என்று காதோடு காதாகச் சொன்னார். அன்று முதல் மாஸ்டரின் கைப்பேசிக்கு நாங்கள் அரைவயிற்றுக்குக்கூடச் சார்ஜ் ஏற்றுவதில்லை. சார்ஜர் என் மேசை இழுப்பறையில் பூட்டப்பட்டிருக்கிறது. ஒரு வகுப்புக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் ஏற்றிவிட்டுக் கழற்றிவிடுவேன். மாணவர்கள் வண்டியில் ஏறும் முன், “மாஸ்டருக்கு சார்ஜ் இருக்கா அக்கா?” என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் ஏறுகிறார்கள். வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் மாலையில் அவர் ஏதோ சொல்ல வந்து, “ஏம்மா, கொஞ்சம்” என்பதோடு திரை இருண்டுபோகும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

8. அண்மையில் நடந்தது இது. எங்களிடம் பயிலும் தையற்காரப் பெண்மணி ஒருவர், இயல்பிலேயே பயந்த சுபாவம் உள்ளவர், சந்தைத் தெருவில் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். தண்ணீர் கேன் ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று குறுக்கே வந்தது. மாஸ்டர் “பிரேக்” கட்டத்தைத் தொட்டார். அந்த நொடியில் அறிவிப்பு எழுந்து நின்றதால் அவர் விரல் ‘இப்போதே நிறுவு’ என்பதில் பட்டது. கைப்பேசி வாய் திறக்கவில்லை. பயிற்றுநரின் காலடியில் தனி பிரேக் இருந்ததால் மாஸ்டரே மிதித்து நிறுத்தினார். கேன் ஒன்று உருண்டதைத் தவிர யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சார்ஜ் போதவில்லை என்று சொல்லிப் புதுப்பிப்பும் நின்றுவிட்டது. ஆனால் அந்தப் பெண்மணி தன் தவறு என்று நினைத்து ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதுவிட்டார். அவருக்கு அப்போது வேண்டியிருந்த வாக்கியம் முதல் வரிசையிலேயே இருந்தது. அதன்மேல் அறிவிப்பு மறுபடி வந்து உட்கார்ந்திருந்தது. ஏதாவது பொத்தானைத் தொட்டால் என்ன ஆகுமோ என்று மாஸ்டருக்குத் தொடவும் தைரியமில்லை. அந்த அம்மாளின் கையைத் தட்டிக்கொண்டே இருந்தாராம். வீட்டுக்கு வந்து என்னிடம் காகிதத்தில், “ஒரு வார்த்தை சொல்ல முடியல” என்று எழுதிக் கொடுத்தார். அதைப் பார்த்த பிறகுதான் இம்மனுவை எழுத உட்கார்ந்தேன்.

9. நிறுவனத்தார் சொல்லும் சமாதானங்களுக்கு என் பதில்களையும் இங்கேயே தந்துவிடுகிறேன்.

புதுப்பிப்பு எங்கள் பாதுகாப்புக்காகத்தான் என்கிறார்கள். இந்தக் கைப்பேசியில் வங்கிக் கணக்கு இல்லை, புகைப்படம் இல்லை. எந்தத் திருடனாவது இதற்குள் புகுந்தால் “டீ ஆறிப்போச்சு” என்பதைக் கேட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

பதிவுகளை வேறு கைப்பேசிக்கு மாற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள். இன்னொரு கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துப் பதிந்து பார்த்தோம். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறது. எங்கள் வண்டி இன்ஜின் சத்தத்தில் அது கேட்கவே கேட்காது.

எழுதினால் வாசித்துக் காட்டும் செயலிகள் எவ்வளவோ உண்டு, அதில் நல்ல ஆண்குரலும் இருக்கிறது என்கிறார்கள். அதையும் பார்த்தோம். குறை சொல்ல முடியாத குரல்தான். ஆனால் அது என்னை “ஏம்மா” என்று கூப்பிட்டதும் மாஸ்டர் அதை அணைத்துவிட்டு, “எவனோ ஒருத்தன் உன்னைக் கூப்பிடுற மாதிரி இருக்கு” என்று எழுதினார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. வேறு வழியே இல்லாதவர்களுக்கு அது பெரிய வரம், மறுக்கவில்லை. எங்களுக்கு அவருடைய குரலே இருக்கிறது. இருப்பதைப் பறிக்காதீர்கள் என்றுதான் கேட்கிறோம்.

10. ஆகவே கீழ்க்கண்டவற்றுக்கு உத்தரவிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்:

(அ) மாஸ்டரின் கைப்பேசியில் இறங்கியிருக்கும் புதுப்பிப்பை நீக்கி, அது மறுபடி வராதபடி அந்நிறுவனம் செய்து தர வேண்டும். அதையும் எங்கள் கண்முன், எந்த வைஃபையிலும் இணைக்காமல் செய்ய வேண்டும்.

(ஆ) இதுபோன்ற அறிவிப்புகள் அனைத்திலும் ‘வேண்டாம்’ என்ற பொத்தான் இருக்க வேண்டும். அதைத் தொட்டவரை மறுபடி நச்சரிக்கக் கூடாது.

(இ) எந்தச் செயலி நின்றுபோகும் என்பதைப் புதுப்பிப்பதற்கு முன்பே தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்த ஆசிரியைக்கு யாரும் சொல்லவில்லை.

11. அவசரம் கருதி ஒன்றைச் சேர்க்கிறேன். இந்த வாரம் முதல் அறிவிப்பில் ‘பிறகு’ என்ற பொத்தானையும் காணோம். இனி ஒத்திவைக்க இயலாது, போதிய சார்ஜ் ஏறிய சில மணி நேரத்தில் தானாகவே நிறுவப்படும் என்று மட்டும் வருகிறது. என் புகார்கள் கிணற்றில் போட்ட கல்லாய்க் கிடந்தாலும் நான் விடுவதாக இல்லை. தங்கள் அலுவலகத்துக்கு எத்தனை முறை வரச் சொன்னாலும் வருவேன்.

12. நேரில் விசாரணைக்கு அழைத்தால் மாஸ்டரும் வருவார். தன் வழக்கைத் தானே பேசப்போவதாகச் சொல்லியிருக்கிறார். எந்தக் கட்டங்களை எந்த வரிசையில் தொடுவது என்று இப்போதே ஒத்திகை நடக்கிறது. பெரியவர்கள் முன்னால் பாதிப் பேச்சில் நிற்கக் கூடாது என்பதால், அன்று மட்டும் கைப்பேசிக்கு முழுச் சார்ஜ் ஏற்றப்போகிறாராம். அதன் பொருள் என்ன என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். நான் எவ்வளவோ தடுத்துப் பார்த்தேன், சார்ஜர் உள்ள இழுப்பறையின் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். எனவே ஐயா, தயவுசெய்து எங்களை முதல் ஆளாகக் கூப்பிடுங்கள். அவர் பேசுவதைக் கடைசிவரை கேளுங்கள்.

தங்கள் அழைப்பை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
மாஸ்டரின் மனைவி

நாள்: திங்கட்கிழமை, வகுப்பு தொடங்கும் முன்.
இடம்: பயிற்சிப் பள்ளி அலுவலகம்.

இணைப்பு: 1. மருத்துவமனைச் சான்றிதழின் நகல். 2. அறிவிப்பு தெரியும் திரையின் புகைப்படம் (என் கைப்பேசியில் எடுத்தது). 3. தையற்காரப் பெண்மணியின் கடிதம். அவர் வகுப்புக்குத் தொடர்ந்து வருகிறார்.