நூற்றுக்கு எத்தனை?

கொக்கட்டிச்சோலை
25.06.2023

அன்பு அப்பா,

உங்கள் நலமறிய ஆவல் என்று எழுதினால் சிரிப்பீர்கள். நேற்றுத்தானே போனில் கதைத்தோம். ஆனால் போனில் உங்களை நம்ப முடியாது. போன முறை பெண்கள் உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்தில் ஒவ்வொரு மெட்சும் முடிந்த பிறகு "நான் அப்பவே சொன்னனான்தானே" என்றீர்கள். இம்முறை வெல்லப்போவது யார் என்று இருவரும் முன்கூட்டியே எழுதித் தபாலில் போடுவோம். விருப்பத்தைப் பார்த்து மதிப்பிடக் கூடாது.

ஜேர்மனிக்கு நூற்றுக்கு முப்பது. அமெரிக்கா இரண்டு தடவை தொடர்ந்து வென்று களைத்திருக்கும், இருபது. இங்கிலாந்தின் நல்ல ஆட்டக்காரிகள் முழங்கால் காயத்தோடு வீட்டில் கிடக்கிறார்கள், அதற்கும் இருபது. ஸ்பெயின் பந்தை யாருக்கும் கொடுக்காது, ஆனால் அணிக்குள்ளேயே சண்டை, பதினைந்து. அவுஸ்திரேலியா ஒரே ஒருத்தியின் காலை நம்பி நிற்கிறது, ஐந்து. உங்கள் ஊர் என்று கோபிக்க வேண்டாம். மிச்சம் பத்தை மற்றவர்கள் பங்கு போடட்டும்.

நான் இப்போது பாடசாலை அணியில் பந்துக் காப்பாளர். பந்து பக்கத்து வட்டைக்குள் விழுந்தால் வயல் சேற்றில் இறங்கி எடுப்பதும் நான்தான். அம்மா சுகம்.

உங்கள் மகள்
கம்சாயினி


சிட்னி
12.07.2023

என் செல்ல மகளுக்கு,

"உங்கள் ஊர்" என்று எழுதிவிட்டாய். இதை என் ஊர் என்று சொல்லக் கிடைக்க வேண்டும் என்றுதானே பதினொரு வருடமாக இங்கே நிற்கிறேன்.

என் கணக்கு: அவுஸ்திரேலியா, நூற்றுக்கு எண்பது. சொந்த மண், சொந்தச் சனம். இன்னொரு காரணமும் உண்டு, சிரிக்காதே. கிண்ணம் வென்றால் நாடே சந்தோசத்தில் இருக்கும். சந்தோசமாக இருக்கிறவர்கள் ஒரு கையெழுத்துப் போட யோசிக்க மாட்டார்கள்.

என்னோடு ஒரே படகில் வந்த கனகசிங்கம் அண்ணனுக்கு நிரந்தர விசா கிடைத்துவிட்டது. என்னை அகதியாக ஏற்க மறுத்தது மறுத்ததுதான். அமைச்சருக்குப் போட்ட மனு கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது. நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வர விடமாட்டார்கள். விசா வந்தால் உன்னையும் அம்மாவையும் கூப்பிடலாம். எல்லாம் உனக்காகத்தான் மகள்.

உலகக் கிண்ண மைதானத்தில் துப்புரவு வேலை கிடைத்திருக்கிறது. சனம் வெளியேறிய பிறகுதான் எங்களை உள்ளே விடுவார்கள். ஆட்டம் பார்க்கக் கிடைக்காது, சத்தம் கேட்கும்.

அன்புடன்
அப்பா


கொக்கட்டிச்சோலை
04.08.2023

அன்பு அப்பா,

என் ஜேர்மனி நேற்று மூட்டை கட்டிவிட்டது. முப்பதும் போச்சு. ஸ்பெயினை ஜப்பான் நாலுக்குப் பூச்சியம் என்று துவைத்து எடுத்ததால் அதையும் வெட்டிவிட்டேன். நாலு கோல் வாங்கிய அணியை வைத்து என்ன செய்ய?

ஆனால் நானாவது மதிப்பிட்டேன். நீங்கள் கோயிலில் வைப்பதுபோல் நேர்த்தி வைக்கிறீர்கள். பந்து கோலுக்குள் போனதற்காக யாராவது விசா கொடுப்பார்களா?

போன சனிக்கிழமை மட்டக்களப்புக்கு விளையாடப் போனோம். வான் மண்முனைப் பாலத்தில் ஏறும்போது, அப்பா இந்தப் பாலத்தைக் கண்டதே இல்லை, அவர் போன காலத்தில் வாவியைக் கடக்கப் படகுதான் என்று சொன்னேன். அணியில் ஒரு சின்னவள், "அப்ப உங்கட அப்பா உயிரோட இல்லையா அக்கா?" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "மறுகா வருவாரு புள்ள" என்றார். பிறகு, பிறகு என்கிற அந்த மறுகாவை நான் நாலு வயதிலிருந்து கேட்கிறேன்.

எனக்கு அவுஸ்திரேலியா வேண்டாம். எனக்காக நிற்கிறேன் என்று இனிச் சொல்லாதீர்கள். உங்கள் மனுவுக்கு நூற்றுக்கு எத்தனை? என் கணக்கில் பூச்சியம். வந்துவிடுங்கள் அப்பா.

கம்சாயினி


சிட்னி
22.08.2023

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். அவுஸ்திரேலியாவை அரையிறுதியில் இங்கிலாந்து அனுப்பிவிட்டதே என்ற கவலை வேறு.

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம் முடிந்து குப்பை அள்ள உள்ளே போனோம். பெரிய திரையில் ஸ்பெயின் கிண்ணத்தோடு நின்றது. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ஜப்பானிடம் நாலு வாங்கிய ஸ்பெயின்! நீ வெட்டிய ஸ்பெயின்! பார்த்தாயா, உன் கணக்கும் பிழைக்கிறது. ஆகவே அப்பாவையும் வெட்டாதே.

வக்கீல் இன்னொரு மனு போட்டுப் பார்க்கலாம் என்கிறார். அடுத்த கிண்ணத்துக்கு நாலு வருடம்தானே, கண் மூடித் திறக்க ஓடிவிடும். இத்தனை வருடம் கழித்து வெறுங்கையோடு வந்து உன் முன்னால் நிற்கப் பயமாக இருக்கிறது மகள். இங்கே இருக்கவும் முடியவில்லை.

அப்பா


கொக்கட்டிச்சோலை
10.09.2023

அப்பா,

ஸ்பெயின் விசயத்தில் நான் பிழைதான். ஆனால் ஜப்பானிடம் தோற்ற பிறகும் ஸ்பெயினுக்கு நாலு போட்டி மிச்சம் இருந்தது. அவர்கள் போய் விளையாடினார்கள். உங்களுக்கு அடுத்த போட்டி எப்போது? யாரோடு?

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். "இன்னும் நாலு வரிசமா?" என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போனார். அடுப்படியை விட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை.

வெறுங்கை என்கிறீர்கள். நாங்கள் உங்களிடம் என்ன கேட்டோம்? சுகமாக இருக்கிறேன் என்று சொல்வதற்காக இனி எனக்குப் போன் எடுக்காதீர்கள். அம்மா கதைப்பது அம்மாவின் விருப்பம். நீங்கள் வரும் தேதியைச் சொல்ல எடுத்தால் மட்டும்தான் நான் கதைப்பேன். அழுதுகொண்டுதான் எழுதுகிறேன்.

கம்சாயினி