ஊசி கோர்த்து வாங்கிய டிவி

ஐப்பசி 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். தீபாவளி ரவிக்கை பதினொன்று பாக்கி. கொக்கி வைக்க வேண்டியது ஆறு. மெஷினுக்கு எண்ணெய்.

இவர் மஸ்கட்டிலிருந்து வந்து ஒன்பது நாள். லீவு நாற்பது நாள். சாயங்காலம் தையலை மூடிவிட்டு இவர் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்ப்பதுதான் எங்களுக்கென்று உள்ள நேரம். இரண்டு வருஷமாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அரை மணியில் கண் எரிச்சல், நீர், நெற்றிப் பொட்டில் வலி. எழுந்துபோய்ப் படுத்துவிடுகிறேன். இன்றும் அப்படியே. இனிமேல் இங்கே க.வ. என்றுதான் எழுதப் போகிறேன். கண் வலி என்று முழுசாக எழுதினால் பயமாக இருக்கிறது.

கிரிக்கெட் ஓடும்போது ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை, "ஸ்கோர் என்ன செல்வி?" எதிரேதான் ஓடுகிறது. பேச்சுத் துணைக்குக் கேட்கிறார் போல.

ஐப்பசி 5, புதன்

மழை விட்டது. போன மாதம் கண் டாக்டர் சொன்னது: பார்வை நன்றாக இருக்கிறது, கண் வறண்டிருக்கிறது, சொட்டு மருந்து. இவர் சொல்வது: "பழைய டிவிதான் காரணம். புதுசு வாங்கிருவோம். அறுபத்தஞ்சு இஞ்சு."

நம் ஹாலில் அதை வைத்தால் தெருவில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும் என்றேன். சிரித்தார், விடவில்லை. தையல் டேப்பால் அளந்தேன். நாற்காலிக்கும் சுவருக்கும் ஏழடி. திருச்சியில் படிக்கும் மகள் போனில்: "நாப்பத்தி மூணு போதும்மா. நம்ம மூஞ்சி தெரியாத ஸ்கிரீனாப் பாருங்க. கடையில வெளிச்சத்தக் கூட்டி வச்சிருப்பாங்க, கொறைக்கச் சொல்லுங்க."

நாளை புதுக்கோட்டை. எடுத்துப் போக: குடை, டேப், சொட்டு மருந்து, ஊசி, நூல்.

ஐப்பசி 6, வியாழன்

பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். கடைச் சுவர் முழுக்க டிவி, எல்லாவற்றிலும் ஒரே கிளி. பார்த்ததுமே கண்ணில் நீர்.

ஸ்டூல் கேட்டேன். விற்கும் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. "எதுக்குக்கா?"

"ஒவ்வொரு டிவி முன்னாடியும் இருபது நிமிசம் உக்காருவேன் பாப்பா. அப்புறம் ஊசி கோப்பேன். மொதத் தடவையே நூல் போயிருச்சுன்னா அந்த டிவி கண்ணக் கெடுக்கல."

நான் யாரோ என்பது போல இவர் மிக்ஸி பக்கம் போய்விட்டார்.

முதல் டிவி, நாலு தடவை. அடுத்தது, மூன்று. அதற்குள் அந்தப் பெண்ணும் பக்கத்தில் குந்தி எண்ண ஆரம்பித்துவிட்டாள். மூன்றாவது நாற்பத்து மூன்று இஞ்சு. வெளிச்சத்தைக் குறைத்தாள். திரையில் என் முகம் தெரியவில்லை. ஊசி ஒரே தடவை. அவள் கை தட்டினாள். டீ வந்தது.

இவர் அப்போதும் அறுபத்தைந்துக்கு முன்னால். "இதுல எல்லாம் பளிச்சுனு தெரியுது செல்வி."

எனக்காகத்தானே வாங்குகிறோம் என்றேன். "ஒனக்குத்தான், ஒனக்குத்தான்" என்று வந்துவிட்டார். வாரண்டி அட்டையைப் பார்க்காமலே என்னிடம் நீட்டினார். "நீயே படிச்சிரு."

ஐப்பசி 7, வெள்ளி

டிவி வந்தது. மாட்ட வந்தவர், "எங்கிட்டுண்ணே?" என்றார். இவர் காலண்டருக்கு மேலே காட்டினார், கல்யாண மண்டபத்து டிவி உயரத்தில்.

சாயங்காலம் அரை மணி. க.வ. ஊசி ஐந்து தடவை. வெறுத்துப்போயிற்று. ஸ்டூல் போட்டு உட்கார்ந்ததெல்லாம் வீண். உள்ளே போய்ப் படுத்தேன். ஹாலில் சத்தம் நின்றது. மேட்ச் பாதியிலேயே அணைத்துவிட்டார். எனக்கு மனசே கேட்கவில்லை.

ஐப்பசி 8, சனி

நல்ல வெயில். மூன்று ரவிக்கை முடிந்தது. கொக்கி வைக்கும்போது திடீரென்று தோன்றியது. நாள் முழுக்கக் குனிந்து தைக்கிறேன், கண் இப்படி எரிவதில்லை. கடையில் டிவி முகத்துக்கு நேரே இருந்தது. வீட்டில் அண்ணாந்து பார்க்கிறேன். பழைய டிவியும் பீரோ மேல்தான் இருந்தது. அண்ணாந்து விழித்துக்கொண்டே இருந்தால் கண் வறளாமல் என்ன செய்யும்?

இவரிடம் சொன்னேன். "இம்புட்டுத்தானா?" நான் துணி வெட்டும் மேசையைக் காலி பண்ணி டிவியை இறக்கி வைத்தார். சுவரில் நாலு ஓட்டை. காலண்டரை மேலே ஏற்றி மாட்டி மறைத்தேன்.

ஐப்பசி 9, ஞாயிறு

மதியம் மேட்ச். கேசரி கொஞ்சம் இளகல், பரவாயில்லை. ஒரு இன்னிங்ஸ் முழுக்க உட்கார்ந்திருந்தேன். க.வ. இல்லை. இடைவேளையில் ஊசி: ஒரே தடவை. சந்தோஷத்தில் இவர் தோளில் ஒரு அடி வைத்தேன்.

"இங்கிட்டுக் குடு, நானும் பாக்குறேன்."

கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார். நூல் ஊசிக்குப் பக்கத்தில் போனது. மறுபடியும். எட்டு வரை எண்ணினேன். பிறகு எண்ணவில்லை.

"எப்ப இருந்துங்க?"

"ரெண்டு வருசம் இருக்கும். டிவியில ஓடுற எழுத்தும் கலங்கித்தான் தெரியுது. அங்க இருக்கயில யார்ட்டச் சொல்றது?"

அதற்குத்தான் அறுபத்தைந்து இஞ்சு. அதற்குத்தான் வாரண்டி அட்டையை நீட்டியது. நானோ எழுந்து எழுந்து போயிருக்கிறேன்.

நாளை கண் டாக்டர், இவருக்கு. காலை ஏழரை பஸ். வரும்போது கறுப்பு நூல், கொக்கி.

மேட்ச் மறுபடி ஆரம்பித்தது. ரொம்ப நேரமாக இவர் ஸ்கோர் கேட்கவில்லை. தெரிந்துபோய்விட்டதே என்று கூச்சம். நானே சொன்னேன்.

"நூத்தி நாப்பத்தி ரெண்டு. நாலு விக்கெட்."