லூர்துக்குப் போவதாகச் சொல்லிப் போன இடம்

இன்று வேலையிடத்தில் உருளைக்கிழங்கு மசியல். முதியோர் இல்லத்துச் சமையலறையில் புதன்கிழமை என்றால் அதுதான். பாலும் வெண்ணெயும் விட்டுக் கிண்டி இறக்கியதும் மேலே சாதிக்காயைத் துருவித் தூவ வேண்டும். இருபது வருடமாகத் தூவுகிற கை. இன்று இரண்டு இழுப்பு இழுத்ததும் துருவியை வைத்துவிட்டுக் குளிரறைக்குள் போய் நின்றுகொண்டேன். கூட வேலை செய்கிறவர் எட்டிப் பார்த்து, கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

நீர் போய்ப் பதினொரு மாதம். சாதிக்காய் மணம் எனக்கு இப்போது உம்முடைய கையில் இருந்த கிளாசின் மணம்.

சுவிசில் இந்தப் பீல் நகருக்கு வந்த நாள் முதல் நமக்கு விடுமுறை என்று என்ன இருந்தது? பாரிசில் கலியாணம், ரொறன்ரோவில் பிறந்தநாள், இலண்டனில் பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு. சூட்கேஸ் நிறைய உம்முடைய சேலைகளைக் கொண்டுபோய், யாருடைய வீட்டு நிலத்திலோ படுத்து, இடுப்பு நோவோடு திரும்பி வருவோம். நமது இருபத்தைந்தாவது கலியாண நாளுக்கு மகள் கரீபியன் கடலில் கிரெனடா தீவுக்கு ஒரு வார ரிக்கற்றை நீட்டியபோது, "அங்க எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?" என்று கேட்டீர். ஒருவரும் இல்லை என்றாள். "அப்ப ஏன் போறது?" என்றீர்.

சும்மா இருப்பதற்காகப் போகிறோம் என்று சொந்தங்களிடம் சொல்ல வாய் வரவில்லை. அந்த மாதம்தான் இலண்டனில் என் அண்ணை கடைசி மகளுக்குச் சடங்கு வைத்திருந்தார். பிரான்சில் லூர்து மாதாவுக்கு ஒரு நேர்த்திக்கடன் இருக்கிறது என்று நான்தான் புளுகினேன். நேர்த்தி என்றால் ஒருவரும் மறுத்துக் கதைக்க மாட்டார்கள். அதோடு விட்டார்களா? ஆளுக்கொரு போத்தல் தீர்த்தம் கொண்டுவரச் சொன்னார்கள். திரும்பி வந்த சனிக்கிழமையே சுவிசிலேயே இருக்கிற ஐன்சீடல்ன் மாதா கோயிலுக்கு ரயிலேறி, முன்றலில் இருந்த ஊற்றில் ஐந்து போத்தல் நிரப்பினோம். யாராவது பார்க்கிறார்களா என்று நான் சுற்றிலும் பார்க்க, நீர் மூடியைத் திருகியபடி சொன்னீர்: "மாதா எங்கயும் மாதா தானே."

கிரெனடா விடுதியில் முதல் இரண்டு நாளும் நாம் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. துப்புரவாக்கும் பெண் வருமுன் எழும்பி நீரே கட்டிலை விரித்துவிடுவீர். நான் சாப்பாட்டு மண்டபத்தில் தட்டுகளை அடுக்கிக் கொடுத்துப் பரிமாறுகிறவரிடம் ஏச்சு வாங்கினேன். பொரித்த மீனுக்கு உம்முடைய கைப்பையிலிருந்து மிளகாய்த்தூள் வந்தது. மூன்றாம் நாள்தான் அடங்கினோம். கடிகாரத் தொழிற்சாலையில் கண்ணுக்குத் தெரியாத ஆணிகளைச் சாமணத்தால் பிடித்துப் பிடித்துக் கூனிப்போன உம்முடைய தோள் அன்றைக்குத்தான் நிமிர்ந்தது. இஞ்சிப் பானம் குடித்தீர். சிவப்புப் பூவைக் காய்ச்சி ஆற்றிய சோரல் குடித்தீர். ஐந்தாம் நாள் கடற்கரைக் கடைக்காரி ரம் பஞ்ச் கலந்து, மேலே எதையோ துருவித் தூவினாள். நீர் மணந்து பார்த்தீர்.

"இது எங்கட சாதிக்காய் எல்லோ. அப்ப மருந்துதான், குடிக்கலாம்."

வாழ்க்கையில் முதல் தடவை. பாதிக் கிளாசிலேயே சிரிக்கத் தொடங்கிவிட்டீர். நான் படம் எடுக்கப் போனேன். உங்கள் இரண்டு பேரையும் சேர்த்து நான் எடுக்கிறேன் என்று கடைக்காரி கையை நீட்டினாள். "வந்து இருங்கோ" என்று பக்கத்துக் கதிரையைத் தட்டினீர். அரைக் காற்சட்டையோடு படத்தில் நிற்க எனக்கு வெட்கம். வரமாட்டேன் என்று சொல்லி நானே எடுத்தேன். தொப்பி, கிளாஸ், வாய் நிறையச் சிரிப்பு, வெறுங்கதிரையில் வைத்த கை.

படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னீர்: "நான் செத்தால் இதைத்தான் போடவேணும், சொல்லிப்போட்டன்."

"விசர்க்கதை கதையாதையும்" என்றேன்.

அந்தப் பயணத்துக்குப் பின் வந்த இரண்டாவது பனிக்காலத்தில், காலையில் வேலைக்குப் போகச் சப்பாத்துப் போடக் குனிந்த நீர் நிமிரவில்லை. அன்று பின்னேரமே அண்ணை போன் எடுத்தார். "மரண அறிவித்தல் போடவேணும், படம் ஒண்டு உடன அனுப்பு." என் விரல் அந்தப் படத்தின் மேல்தான் போனது. லூர்துக்குப் போனவர்கள் என்றால் இந்தக் கடற்கரைப் படம் எங்கே எடுத்தது என்று சனம் கேட்குமே என்று பயந்து, உம்முடைய வதிவிட அட்டைப் படத்தை அனுப்பினேன். சிரிக்கக் கூடாது என்ற சட்டத்துக்கு அடங்கி இறுகிப்போயிருந்த முகம். பெட்டியின் தலைமாட்டில் அதுதான் நின்றது. முப்பத்தொன்றாம் நாள் நினைவு மலரிலும் அதுதான். நீர் கேட்டது ஒரே ஒரு படம். அதைக்கூட நான் செய்யவில்லை. என்னை மன்னியும்.

இன்று வேலை முடிந்ததும் சூரிச்சுக்கு ரயிலேறினேன். ஆண்டுத் திருப்பலிக்குக் கொடுக்கும் அட்டையை அங்கே தமிழ்க்கடைப் பக்கம் ஒருவர் அச்சடித்துத் தருகிறார். ரயிலில் இருந்தே அண்ணைக்கு எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அந்தத் தண்ணி?"

"ஐன்சீடல்ன்."

பிறகு மெல்லக் கேட்டார், "அவ அங்க சந்தோசமா இருந்தவவோ?"

"ஓம்" என்றேன்.

அச்சுக்கடைக்காரர் அந்தக் கடற்கரைப் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். "அண்ணை, கையில இருக்கிற கிளாசை மறைச்சுவிடட்டோ? கோயிலில குடுக்கிற படம் எல்லோ."

"இருக்கட்டும்."

"அப்ப இந்த வெறுங்கதிரையை எண்டாலும் வெட்டிவிடுவம். அக்காவின்ர முகம் பெரிசா வரும்."

"வெட்டாதையுங்கோ. அது என்ர கதிரை."

அவர் உம்முடைய கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துவிட்டுப் படத்தை அப்படியே விட்டார். நான் நின்ற இடத்திலிருந்து அந்தக் கதிரைக்கு மூன்று எட்டுத்தான் இருந்திருக்கும். எங்கே போனாலும் அந்த மூன்று எட்டும் என்னோடுதான் வருகின்றன.